திங்கட்கிழமை நாற்றம்: பட்டறைக் கூலண்ட் கெடுவதும் காப்பதும்

நாற்றம் என்னும் சொல் முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. திருக்குறளில் ஐம்புல நுகர்ச்சிகளுள் ஒன்றாக அச்சொல் நிற்கக் காண்கிறோம். காலப்போக்கில் அதன் பொருள் இழிந்து, இன்று தீய மணத்தை மட்டுமே குறிக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எங்கள் எல்லைப்புறத்தில் இருமொழியாளரும் ஏறத்தாழ ஒரே ஒலியில், ஒரே பொருளில் இச்சொல்லைச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் லேத் பட்டறைக் கதவைத் திறக்கும்போது அவர்கள் வாயில் வரும் முதற் சொல்லும் பெரும்பாலும் இதுவே.

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை, தேசிய நெடுஞ்சாலையின் இருமருங்கும் சிறுசிறு கடைசல் பட்டறைகள் உள்ளன. லாரியின் அச்சு, படகின் சுழலித் தண்டு, ரப்பர் ஷீட் அடிக்கும் உருளை ஆகியவை பழுதுற்றால் இங்கேதான் வரும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்தது, தொழிலில் விழவில்லை. வேலை தேடித் தமிழர் அப்பக்கம் போவதும் மலையாளிகள் இப்பக்கம் வருவதும் இன்றும் நடக்கின்றன. அவ்வாறு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு அருகே குடியேறிய லேத் தொழிலாளி ஒருவரின் மகன் நான். நுண்ணுயிரியல் முதுகலை வகுப்பில் நான் படிக்கும் பாடமும் என் தந்தையார் நாள்தோறும் முகரும் நாற்றமும் ஒன்றே என்று அறிந்தபோது, அதனைத் தமிழில் எழுதி நம் மன்றத்து நண்பர்களுக்குத் தரவேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது.

கூலண்ட் எதற்கு?

இரும்பைக் கருவி சீவும்போது உராய்வாலும் உலோகம் நெளிவதாலும் கடும் வெப்பம் பிறக்கிறது. வெப்பம் மிகுந்தால் கருவியின் முனை மழுங்கும். பொருளின் அளவும் மாறும். வெட்டும் இடத்தில் நீரைத் தாரையாகப் பாய்ச்சினால் கடையும் வேகத்தை நூற்றுக்கு 30 முதல் 40 வரை கூட்டலாம் என்று பிரெடரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்து காட்டினார். ஆயின் வெறும் நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். வழுக்கும் தன்மையும் அதற்கு இல்லை. எண்ணெய்க்கு வழுக்கும் தன்மை உண்டு. வெப்பத்தை வாங்கிச் செல்லும் ஆற்றல் குறைவு. இரண்டின் நலத்தையும் ஒருங்கே பெறும் வழிதான் கூலண்ட்.

எண்ணெய், அதனை நீரில் நுண்துளிகளாகப் பிரித்து நிறுத்தும் சோப்புப் போன்ற பொருள், துருத் தடுப்பான், காரத்தன்மை தரும் அமீன்கள் ஆகியவை அடங்கிய செறிவை வாங்கி, நூறு பங்குக்கு 5 முதல் 8 பங்கு வரை நீரில் கலக்கிறார்கள். கலந்தவுடன் அது பால்போல் வெளுக்கும். பாலின் வெண்மைக்கும் இதன் வெண்மைக்கும் காரணம் ஒன்றே. நீரில் மிதக்கும் கொழுப்பின் நுண்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒப்புமை நிறத்தோடு நிற்கவில்லை. பால் எதனால் கெடுகிறதோ, அதனாலேயே கூலண்டும் கெடுகிறது. இரண்டும் நுண்ணுயிர்களுக்கு உணவு.

கெடுவது எவ்வாறு?

கூலண்டில் இரண்டு கூட்டத்தார் அடுத்தடுத்துக் குடியேறுகிறார்கள். முதற் கூட்டத்தார் காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள். சூடோமோனாஸ் இனம் இவர்களுள் முதன்மையானது. நீர், கை, தூசி, எச்சில் ஆகிய எல்லா வழியாகவும் இவை தொட்டிக்குள் புகுகின்றன; எண்ணெயையும் சோப்புப் பொருளையும் உண்டு அமிலங்களை வெளிவிடுகின்றன; நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவிடுகின்றன.

இந்த ஆக்சிஜனின் கையிருப்பு மிகச் சிறிது. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனே கரையும். எந்திரம் ஓடும்போது கூலண்ட் பாய்ந்து, சிதறி, மீண்டும் தொட்டியில் விழுவதால் காற்று கலந்துகொண்டே இருக்கிறது. சனிக்கிழமை மாலை எந்திரத்தை நிறுத்தியவுடன் அவ்வரவு நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, எந்திரத்தின் சறுக்குத் தளங்களுக்கு இடும் எண்ணெய் கசிந்து வந்து தொட்டியின் மேற்பரப்பில் போர்வைபோல் படிகிறது. மேலிருந்து காற்று இறங்காது. கீழிருக்கும் ஆக்சிஜனை முதற் கூட்டத்தார் தீர்த்துவிடுவர்.

அப்போது எழுகிறார்கள் இரண்டாம் கூட்டத்தார். இவர்களுக்கு ஆக்சிஜன் வேண்டாம். நாம் ஆக்சிஜனைக் கொண்டு மூச்சுவிடுவதுபோல், இவர்கள் நீரிலுள்ள சல்பேட் உப்பைக் கொண்டு மூச்சுவிடுகிறார்கள். நாம் வெளிவிடும் மூச்சில் நீராவி உண்டு. இவர்கள் வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் நாற்றம் இதுவே. ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜெரிங்க் 1895 இல் இவ்வகை உயிரி ஒன்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். டிசல்போவிப்ரியோ என்று அந்த இனத்தை இன்று வழங்குகிறோம்.

எங்கள் பக்கத்தார்க்கு இந்த உயிரி புதியதன்று. தேங்காய்க் கதம்பையைக் கயிற்றுக்காக மாதக்கணக்கில் காயல் நீரில் ஊறவைப்பார்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடினங்குளம் காயலில் இத்தொழில் நெடுங்காலமாக நடந்துவந்தது. அங்கே நீர் கருத்து நாறுவதற்குக் காரணமும் சல்பேட்டை ஒடுக்கும் இதே வகை உயிரிகளே. காயலில் ஆயிரக்கணக்கான கதம்பைகள் செய்வதை, பட்டறையில் நாற்பது லிட்டர்த் தொட்டி ஒன்று சிறிய அளவில் செய்கிறது. கூலண்ட் சாம்பல் நிறமாவதும் தொட்டியின் அடிச்சேறு கருப்பதும் இரும்போடு சல்பைடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆவதன் அடையாளங்கள்.

திங்கட்கிழமை மட்டும் ஏன்?

சனிக்கிழமை மாலை 6 மணி முதல் திங்கட்கிழமை காலை 8 மணி வரை 38 மணி நேரம். இவ்வளவு நேரம் அசையாமல் கிடந்த நீரில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்துகொண்டே இருக்கிறது. பம்பைத் திறந்ததும் கூலண்ட் சிதறுகிறது; கரைந்திருந்த வாயு ஒருங்கே வெளியேறுகிறது. மேலைநாட்டுப் பட்டறைகளிலும் இதனைத் திங்கட்காலை நாற்றம் என்றே சொல்வர். எங்கள் எல்லைப்புறத்திலோ ஓணத்துக்கும் விடுமுறை, பொங்கலுக்கும் விடுமுறை. ஓணம் முடிந்து திறக்கும் நாளில் பட்டறைக்குள் நிற்க இயலாது.

இங்கே ஒரு வேதியியல் நுட்பம் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறுவது கூலண்டின் பி.எச். அளவைப் பொறுத்தது. பி.எச். 9 ஆக இருந்தால், நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே வாயு வடிவில் இருக்கும். எஞ்சியது அயனியாக நீரிலேயே அடங்கியிருக்கும். பி.எச். 8 ஆனால் பத்தில் ஒரு பங்கு வாயு. 7 ஆனால் பாதி வாயு. எனவே நாற்றம் எழும் நாளில் நோய் தொடங்கவில்லை. முன்பே தொடங்கியிருந்த நோய் அன்று வெளிப்படுகிறது. முதற் கூட்டத்தார் வெளிவிட்ட அமிலம் பி.எச். அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கதவைத் திறந்துவிடுகிறது. மூக்கு அறிவதற்கு முன்னரே பி.எச். தாள் அறிந்துகொள்ளும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மாற்றியும் ஏன் நாறுகிறது?

“தம்பி, போன மாதந்தானே கூலண்டை மாற்றினேன். அதற்குள் நாறுகிறதே, நல்ல எண்ணெய் கிடைப்பதில்லையோ?” என்று பட்டறை அண்ணாச்சி ஒருவர் என்னைக் கேட்டார். எண்ணெயின்மேல் குற்றமில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் அவருக்குக் காட்டினேன்.

தொட்டி 40 லிட்டர் கொள்வது. பழையதை இறைத்துவிட்டுப் புதியது ஊற்றுகிறார். அடிச்சேற்றிலும் குழாயிலும் பம்பிலுமாக ஒரு லிட்டர் பழைய கூலண்ட் தங்கிவிடுகிறது. நுண்ணுயிர்களின் எண்ணிக்கை அதனால் நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயின் அவை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகுவன. ஐந்து முறை இரட்டித்தால் 32 மடங்கு. ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு. அதாவது, ஆறாவது இரட்டிப்பு முடிவதற்குள் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். ஓர் இரட்டிப்புக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், முப்பது மணி நேரத்தில் பட்டறை பழைய நிலைக்கு வந்துவிடும்! எண்ணெய்க்குக் கொடுத்த பணம் ஓரிரு நாளில் கரைந்தது. கூலண்டை மாற்றுவது வேறு, தொட்டியைத் தூய்மை செய்வது வேறு. பாத்திரத்தைக் கழுவாமல் புதுப்பாலை ஊற்றும் வீட்டம்மை உண்டோ?

காக்கும் வழிகள்

1. தூய்மை. கூலண்டை மாற்றும் நாளுக்கு முன்பு, எந்திரத் தூய்மைக்கென விற்கும் கரைசலைப் பழைய கூலண்டோடு கலந்து, அதன் மேலட்டை சொல்லும் நேரம் வரை ஓடவிட வேண்டும். பின்னர் முழுவதும் இறைத்து, அடியிலுள்ள சீவலையும் சேற்றையும் சுரண்டி எடுத்து, நீரால் அலசி, குழாய்க்குள்ளும் நீரை ஓட்டி வெளியேற்றிய பிறகே புதியதை ஊற்ற வேண்டும். தொட்டிச் சுவரில் வழவழவென்று ஒட்டியிருக்கும் படலமே நுண்ணுயிர்களின் கோட்டை. அதனைத் தேய்த்தே அகற்ற வேண்டும்.

2. கலவை அளவு. கண்ணால் பார்த்து ‘பால்போல் இருக்கிறது’ என்று விடுவது போதாது. நூற்றுக்கு 6 பங்கு வேண்டுமானால், 40 லிட்டருக்கு எண்ணெய் 2.4 லிட்டர், நீர் 37.6 லிட்டர். முதலில் நீர், அதன்மேல் எண்ணெய். கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். முறையை மாற்றி எண்ணெயில் நீரை ஊற்றினால் கலவை திரிந்து போகலாம். கலவை நீர்த்துப் போனால் காப்புப் பொருள்களும் குறைந்து நுண்ணுயிர்கள் பெருகும். செறிந்து போனால் தோல் புண்ணாகும். ஒளிவிலகல்மானி என்னும் சிறு கருவியில் ஒரு துளி இட்டுப் பார்த்தால் அளவு தெரியும். கருவி காட்டும் எண்ணை, அந்த எண்ணெய்க்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். காட்டுவது 3, காரணி 1.5 எனில், செறிவு நூற்றுக்கு 4.5.

3. ஈடு செய்தல். வெப்பத்தால் ஆவியாவது பெரும்பாலும் நீரே. அதற்கு ஈடாக முழுச் செறிவுக் கலவையை ஊற்றினால் நாளடைவில் செறிவு ஏறும். வெறும் நீரையே ஊற்றிவந்தால், பொருளோடும் சீவலோடும் போகும் எண்ணெய்க்கு ஈடு இல்லாமல் செறிவு இறங்கும். அளந்து பார்த்து, நூற்றுக்கு 2 அல்லது 3 பங்குள்ள மென்கலவையை ஊற்றுவது பொதுவான முறை.

4. நீர். எங்கள் பக்கத்து வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. ஆயின் சற்றே அமிலத்தன்மை உடையது. அது கூலண்டின் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பூவாறு, பொழியூர் போன்ற கடலோரங்களில் உவர் கலந்த நீரானால் சல்பேட் மிகுதி. அது இரண்டாம் கூட்டத்தார்க்கு விருந்து. கூரையிலிருந்து தூய்மையாகச் சேர்த்த மழைநீர் உப்புக் குறைந்தது. இரு பருவமழையும் பெறும் நிலத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

5. மேலெண்ணெயை வழித்தல். மிதக்கும் எண்ணெய்ப் போர்வையைச் சனிக்கிழமை மாலை தவறாமல் எடுத்துவிட வேண்டும். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் துணியோ, தட்டையான அகப்பையோ போதும். இந்த ஒரு பழக்கமே பாதி வேலையைச் செய்யும்.

6. காற்று. விடுமுறை நாட்களில் மீன்தொட்டிக்கு வைக்கும் சிறு காற்றுப் பம்பைக் கூலண்ட் தொட்டியில் இயக்கி வைக்கலாம். ஆக்சிஜன் இருக்கும் வரை இரண்டாம் கூட்டத்தார் தலைதூக்க மாட்டார்கள். ஆயின் முதற் கூட்டத்தார் இதனால் சாவதில்லை. ஆகவே காற்று நாற்றத்தைத் தடுக்குமேயன்றித் தூய்மைக்கு மாற்றாகாது.

7. அளந்து எழுதுதல். வாரம் ஒருமுறை பி.எச். தாளை நனைத்துப் பார்த்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே குறித்து வைக்கலாம். 8.5 முதல் 9.5 வரை நலம். 8.5க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 8க்கும் கீழே போனால் தொட்டியைத் தூய்மை செய்யும் நாள் வந்துவிட்டது.

8. ஒழுக்கம். தொட்டியில் துப்புதல், தேநீரின் மிச்சத்தை ஊற்றுதல், பீடித் துண்டைப் போடுதல் ஆகியவை ஆகா. இவை உணவையும் விதையையும் ஒருங்கே இடுவதாகும்.

மருந்தல்லாத மருந்துகள்

நாற்றம் வந்ததும் பினாயிலை ஊற்றுவார் சிலர். ஒரு மணத்தை மற்றொரு மணம் மறைக்கும், அவ்வளவே. சலவைச் சோடாவைப் போடுவார் சிலர். பி.எச். ஏறுவதால் வாயு நீரில் அடங்கும். உயிரிகளோ உள்ளேயே இருக்கும். சில நாளில் மீண்டும் நாறும். பிளீச்சிங் பவுடரைப் போடுவது தீங்கானது. அதிலுள்ள குளோரின் இரும்பை அரிக்கும். கூலண்டிலுள்ள அமீன்களோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கும் குளோரமீன்களைத் தரும்.

நுண்ணுயிர்க்கொல்லி என்று தனியே விற்கும் மருந்துகள் உண்டு. அவற்றுள் பல பார்மால்டிஹைடை வெளிவிடுவன. குறைத்து இட்டால் வலிய உயிரிகள் பிழைத்துப் பெருகும்; கூட்டி இட்டால் தொழிலாளியின் தோல் வெடிக்கும். மேலட்டையின் அளவைக் கடவாமல், கையுறை அணிந்து, தூய்மை செய்த தொட்டிக்கே அதனை இடவேண்டும். அழுக்குத் தொட்டிக்கு இடும் மருந்து வீண். இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லவேண்டும். நான் பார்த்த டின்களில் இந்த எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைக் கையாளுபவர் தமிழும் மலையாளமும் மட்டும் படிக்கத் தெரிந்தவர்.

கையும் கிணறும்

நாற்றம் ஒரு தொல்லை மட்டுமே என்று எண்ணுதல் தவறு. கூலண்டில் நாளெல்லாம் நனையும் கைகளில் தோல் வறண்டு, சிவந்து, வெடிக்கும். என் தந்தையாரின் விரலிடுக்குகளில் இத்தகைய வெடிப்புகளை நான் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். சோற்றில் காரக்குழம்பை ஊற்றினால் எரியும் என்று, அவர் கரண்டியால் உண்ட நாட்கள் உண்டு. ‘இரும்பு வேலை அப்படித்தான்’ என்பது பட்டறையில் வழங்கும் ஆறுதல். அஃது உண்மையன்று. கலவையை அளந்தால், வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயால் கழுவாமல் சோப்பால் கழுவினால், இவ்வெடிப்புகளைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எந்திரத்திலிருந்து எழும் நுண்திவலையை மூச்சோடு இழுப்பது மேலும் கொடியது. உயிரிகள் மலிந்த கூலண்டின் திவலையால் நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வந்ததாக அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கண்டிருக்கிறார்கள். மைக்கோபாக்டீரியம் இம்யூனோஜெனம் என்னும் உயிரியை அதனோடு தொடர்புபடுத்துகிறார்கள். அந்நாட்டுத் தொழில்நலக் கழகமாகிய நியோஷ், இத்தகைய திவலை ஒரு கனமீட்டர் காற்றில் 0.4 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று 1998 இல் பரிந்துரைத்தது. ஹைட்ரஜன் சல்பைடோ வஞ்சக வாயு. சிறு அளவில் மூக்கு அதனை அறியும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கே மரத்துப் போகும். பெரிய மூடுதொட்டிகளுக்குள் தலையை நுழைத்துத் தூய்மை செய்வோர் இதனை மறத்தல் கூடாது. முதலில் காற்றோட்டம், பிறகே வேலை.

இனி, இறைத்த கூலண்ட் எங்கே போகிறது? எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. வெட்டுக்கல்லோ துளைகள் நிறைந்தது. மேலே ஊற்றுவதைக் கீழே விடும். ஒரு பட்டறையின் பின்புறக் குழியில் ஊற்றிய கழிவினால் அடுத்த வீட்டுக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதந்ததையும், அதன்பின் இரு வீட்டாரும் பேச்சை விட்டதையும் நான் அறிவேன். சண்டையில் ஒருவர் தமிழர், ஒருவர் மலையாளி. ஆகவே அது மொழிச் சண்டை என்று ஊரில் பேசினார்கள். உண்மையில் அது சல்பைடுச் சண்டை. இந்திய அரசின் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி எண்ணெய்–நீர்க் கலவைக் கழிவு கேடுவிளைக்கும் கழிவுகளுள் ஒன்று. அதனை மண்ணிலோ ஓடையிலோ விடுதல் கூடாது. கேரளத்தில் இத்தகைய கழிவுகளுக்கான பொது நிலையம் கொச்சிக்கு அருகே அம்பலமேட்டில் உள்ளது. சிறு பட்டறை தனியே அனுப்புவது கடினம். பத்துப் பட்டறைகள் ஒன்றுசேர்ந்து பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவு வண்டிக்காரரிடம் தருவது இயலும். அதனினும் சிறந்தது கழிவையே குறைப்பது. ஆண்டுக்கு ஆறுமுறை மாற்றுபவர் நன்கு காத்து இருமுறை மாற்றினால், குழிக்குப் போகும் நஞ்சு மூன்றில் ஒரு பங்காகிறது. எண்ணெய்ச் செலவும் அவ்வாறே.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! மேலே கூறியவற்றுள் பெரும்பொருட் செலவில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பி.எச். தாளும் அளவுக் குவளையும் மேலெண்ணெய் எடுக்கும் துணியுமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். குறைவாய் இருப்பது செய்தி. நம்மிற் பலர் உழைப்பாளிகளின் வீட்டிலிருந்து வந்தவர்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் ஆங்கிலப் பெயரில் கற்கும் உயிரி, நம் வீட்டார் கையில் புண்ணாக இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, ஒரு சிறு பி.எச். தாள் கட்டை எடுத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள பட்டறைக்குப் போய், கூலண்டில் நனைத்து, நிறம் மாறுவதை அண்ணாச்சியிடமே காட்டுங்கள். எண்ணைத் தமிழில் சொல்லுங்கள். மலையாளி சேட்டனாயின் மலையாளத்தில் சொல்லுங்கள். கலவை அளவையும் பி.எச். எல்லையையும் எட்டு வரிகளில் எழுதி எந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். அவ்வாறு ஒட்டும் தாளின் படியை நம் மன்றத்துக்கும் அனுப்பினால், இரு மொழியிலும் அச்சிட்டுப் பட்டறைதோறும் கொடுக்கலாம்.